கையொப்பமிடாத மூன்றாமவர்

ஒப்பந்தம் ஓர் அரசியல் ஆவணம் மட்டுமன்று; அது ஓர் எழுத்தும் ஆகும். எழுத்து எதுவாயினும் திறனாய்வுக்கு உரியதே. ஒரு கவிதையைக் கற்கும்போது அதில் சொல்லப்பட்டவற்றோடு சொல்லாமல் விடப்பட்டவற்றையும் தேடுகிறோம். நாடுகளின் விதியை எழுதிய ஒப்பந்தங்களை மட்டும் அவ்வாறு வாசிக்க மறந்துவிடுகிறோம். இரு தலைவர்கள் கைகுலுக்கும் நிழற்படம் நாளிதழில் வெளிவந்தால், அமைதி பிறந்துவிட்டது என்று மகிழ்ந்து ஓய்ந்துவிடுகிறோம். இந்த மயக்கத்தின் விலை என்ன என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் திருநின்றவூருக்கு அதிகத் தொலைவில் இல்லாத புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டு அவற்றின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. பெயர் மாறிய பின்னும், கிழிக்கப்பட்ட ஒரு தாளின் நீண்ட நிழலிலேயே அம்மக்கள் வாழ்கிறார்கள்.

அந்தத் தாள் 1957 சூலை 26 அன்று கையொப்பமான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் முந்தைய ஆண்டில் நிறைவேறியிருந்தது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி அறப்போர் அறிவித்திருந்த வேளையில் இரு தலைவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தனர். இருவருமே கிறிஸ்தவக் குடும்பச் சூழலில் வளர்ந்தவர்கள் என்பது கருதத்தக்கது. பண்டாரநாயக்க பின்னர் புத்த சமயத்தைத் தழுவினார். செல்வநாயகம் இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். வட மாகாணத்திற்கு ஒரு வட்டார அவை, கிழக்கு மாகாணத்திற்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ அவைகள், வேளாண்மை, கல்வி, நிலக் குடியேற்றம் முதலிய துறைகளில் அவற்றிற்கு அதிகாரம், வடகிழக்கில் தமிழில் நிர்வாகம் ஆகியவற்றை அது வாக்களித்தது. ஆட்சிமொழிச் சட்டத்தை நீக்க இயலாது என்று பிரதமர் கூறிவிட்டார். கூட்டாட்சிக் கோரிக்கையைக் கைவிடவில்லை என்று தமிழரசுக் கட்சியும் கூறிவிட்டது. இரு தரப்பும் தம் கொள்கையை விட்டுக்கொடுக்காமலே ஒன்றாக நடக்க ஒரு பாதையைக் கண்டன. எழுத்து என்ற அளவில் அது நேர்மையானது, அளவறிந்தது.

ஆயின் அது ஏன் வாழவில்லை? பிக்குகளின் எதிர்ப்பே காரணம் என்பர் ஒரு சாரார். பிரதமரின் மனவுறுதியின்மையே காரணம் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. அந்த ஒப்பந்தத்தில் மூன்றாவது கையொப்பம் இல்லை. எதிர்க்கட்சியாகிய ஐக்கிய தேசியக் கட்சி வெளியே நின்றது. ஒப்பந்தம் வெற்றி பெற்றால் அதற்கு ஆதாயம் ஒன்றுமில்லை. முறிந்தால் ஆட்சியே கிட்டக்கூடும். 1957 அக்டோபரில் ஜே. ஆர். ஜெயவர்த்தன கண்டியை நோக்கி எதிர்ப்பு நடைப்பயணம் தொடங்கினார். மறுபுறம், வாகனங்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தில் தமிழரசுக் கட்சி இறங்கியது. ஒப்பந்தத்தின் பகைவர்களுக்கு அது வாய்ப்பாயிற்று. 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரம் மூண்டது.

இதே நாடகம் வேடம் மாற்றி மீண்டும் நடந்தது. 1965 மார்ச் 24 அன்று ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். இம்முறை வெளியே நின்று எதிர்த்தது பண்டாரநாயக்க தொடங்கிய சுதந்திரக் கட்சி. 1968இல் மாவட்ட அவைத் திட்டம் கைவிடப்பட்டது. ஆட்சியில் இருக்கும்போது சமாதானம், எதிர்வரிசையில் இருக்கும்போது எதிர்ப்பு என்பதே இரு கட்சிகளுக்கும் இலக்கணமாயிற்று.

இந்த இலக்கணத்தைத் திருத்த முயன்ற எழுத்து ஒன்றும் உண்டு. 1997 ஏப்ரலில் பிரித்தானிய அமைச்சர் லியாம் ஃபாக்ஸின் முயற்சியால் அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் எதிர்க்கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். இனச்சிக்கல் குறித்து அரசு நடத்தும் பேச்சுக்கு எதிர்க்கட்சி குந்தகம் செய்யாது. ஆட்சி மாறினாலும் எட்டப்பட்ட முடிவை அடுத்த அரசு மதிக்கும். நோயின் வேரைத் தொட்ட எழுத்து அது. ஆனால் 2000 ஆகஸ்டில் புதிய அரசமைப்பு வரைவு நாடாளுமன்றத்திற்கு வந்தபோது, ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே அதன் படிகளுக்குத் தீ வைத்தனர். 2002 பிப்ரவரியில் பிரதமர் ரணில் விடுதலைப் புலிகளுடன் போர்நிறுத்தம் செய்தார். 2003 நவம்பரில் அதிபர் சந்திரிகா அவருடைய மூன்று அமைச்சகங்களைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

தமிழர் தரப்பிலும் மூன்றாமவர் இருந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. அரசமைப்பு வரைவுக்கு உழைத்த நீலன் திருச்செல்வம் 1999 சூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். பேச்சு என்பதையே துரோகம் எனக் கருதிய மனம் சிங்களவர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்க வேறோர் எழுத்து உரோமை நகரில் உருவானது. மொசாம்பிக் நாட்டின் உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஆளும் ஃப்ரெலிமோவையும் கிளர்ச்சிப் படையான ரெனாமோவையும் 1990 சூலையில் சாந்த் எஜிதியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழு தன் இல்லத்தில் ஒன்றாக அமர்த்தியது. பெய்ரா பேராயர் ஜைமே கொன்சால்வெசும், பின்னாளில் கர்தினாலான மத்தேயோ சூப்பியும் நடுவர்களுள் இருந்தனர். தாங்கள் ஒரே மொசாம்பிக் குடும்பத்தின் உறுப்பினர் என்பதை இரு தரப்பும் ஏற்றதே முதல் அறிக்கை. 27 மாதங்களுக்குப் பின், 1992 அக்டோபர் 4 அன்று, பொது அமைதி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அது இறுதித் தீர்வாகிவிடவில்லை. 2013இல் மோதல் மீண்டும் எழுந்தது. 2019இல் புதிய உடன்படிக்கை தேவைப்பட்டது. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். ரெனாமோ படையாக இருப்பதைவிட அரசியல் கட்சியாக வாழ்வதே அதற்கு நலம் என்னும் நிலையை அந்த எழுத்து உருவாக்கியது. அதற்கென நிதியும் திரட்டப்பட்டது. உடைக்கக்கூடியவனுக்கு உள்ளே ஓர் இருக்கை போடப்பட்டது. இலங்கையின் ஒப்பந்தங்களில் அந்த இருக்கை இல்லை. 1997இல் போட்ட இருக்கையோ வெறும் கடிதத்தாளால் ஆனது. அதில் அமர்ந்தவருக்கு எழுந்து செல்வதே இலாபமாக இருந்தது.

நம் ஊரின் பூசலாரை இங்கு நினைக்கத் தோன்றுகிறது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் அவர் வரலாற்றைக் கூறியுள்ளார். பொருள் இல்லாத அவ்வடியார் தம் நெஞ்சிலேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய மன்னன், இறைவன் கனவில் உணர்த்தியபடி அந்தக் கோயிலைத் தேடி நின்றவூருக்கு வந்தான். இங்கே கல் ஒன்றும் காணவில்லை. இலங்கைத் தலைவர்கள் செய்தது இதற்கு நேர் எதிரானது. தாளில் கோயில் எழுந்தது. நெஞ்சில் அடிக்கல்லும் இடப்படவில்லை. ஒப்பந்தம் ஏன் நல்லது என்று தத்தம் மக்களிடம், தத்தம் தாய்மொழியில், ஊர் ஊராகச் சென்று எடுத்துரைக்கும் பணியை இரு தரப்பும் போதிய அளவு செய்யவில்லை. எதிர்த்தவர்களோ ஊர் ஊராகச் சென்றார்கள்.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் சென்று உறவைச் சீர்செய்யுமாறு நம் ஆண்டவர் கற்பித்தார். அங்கே அவர் குறிப்பது நாம் குறை காணும் மனிதனை அன்று. நம்மீது மனத்தாங்கல் கொண்டிருக்கும் மனிதனை. உடன்பட்டவரிடம் செல்வது எளிது. உடன்படாதவரிடம் செல்வதே ஒப்புரவு. மடு அன்னையின் திருத்தலத்தில் சிங்களரும் தமிழரும் ஒரே தாயின் முன் மண்டியிட்டு வந்தனர். ஒப்பந்தம் கிழிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2008 ஏப்ரலில், போர் நெருங்கியதால் அந்த அன்னையின் திருவுருவமே இடம்பெயர நேர்ந்தது. அரசியல்வாதிகள் செய்யத் தவறியதன் சுமை இறுதியில் யார் தோளில் விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவர் காட்ட இயலும்?

2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களுள் 159ஐ வென்றது. பழைய இரு போட்டிக் கட்சிகளும் ஒடுங்கிப்போயின. பெரும்பான்மை இருப்பதால் இனி எவருடைய உடன்பாடும் வேண்டியதில்லை என்று கருதினால், பழைய பிழை புதிய உடையில் திரும்பும். எண்ணிக்கை சட்டம் இயற்றும். அதை அடுத்த தலைமுறை காக்க வேண்டுமானால் தோற்றவனுக்கும் அதில் பங்கு வேண்டும்.

ஆகவே, எந்த நாட்டிலிருந்து அமைதிச் செய்தி வந்தாலும், நிழற்படத்தில் இணைந்திருக்கும் இரு கைகளோடு நம் பார்வை நின்றுவிடலாகாது. படத்திற்கு வெளியே நிற்பவர் யார், அவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழகுவோம். நம் பங்குப் பேரவையிலும் அன்பியத்திலும் ஒரு தீர்மானம் நிறைவேறும்போதுகூட, கூட்டத்திற்கு வராதவரின் வீட்டுக் கதவை முதலில் தட்டுவோம்.