எந்த அத்தர், யாருடைய தோலில்?

நம்மவர் சிறுகதைகளில் பெருநாளென்றால் அத்தர் கமழும். மையித்து வீட்டிலும் அதே அத்தர்தான். எந்த அத்தர், யாருடைய தோலில் என்று எழுதியோர் அரிது.

கன்னோஜில் மரபாக ரோஜாவை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்குவர். சுபஹுக்குப் பூசினால் பூ சீக்கிரம் பறந்துவிடும். அஸர்வரை தோலில் கிடப்பது சந்தனம். (வுழூச் செய்தாலும் முழுதாய்ப் போகாது.) எல்கடுவக் குளிரில் அதுவும் மெல்லத்தான் விரியும். ஊதோ முதலில் மாட்டுத்தொழுவம், பிறகுதான் இனிப்பு. இத்தனையும் 'கமழ்ந்தது' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்குமா?

வாப்பா மௌத்தான பின் அவருடைய குப்பியிலிருந்து என் மணிக்கட்டில் தொட்டு, உம்மாவிடம் நீட்டினேன். "இது வேற அத்தர்" என்றார். குப்பி அதேதான், தோலின் சூடும் எண்ணெய்ப்பசையும் வேறு. இந்த இடத்தைத் தொட்ட கதையொன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.