பல்லால் எடுக்கும் படம்

வானிலிருந்து குதிப்பவர்களைப் படம்பிடிக்க வருபவர் பெரும்பாலும் வீடியோவில்தான் தொடங்குகிறார். ஹெல்மெட்டில் கேமராவை மாட்டி, விமானத்திலேயே ஓடவிட்டுக் குதித்துவிடலாம். ஆளைச் சட்டகத்துக்குள் வைத்தபடி கூடவே விழ வேண்டும். அதுவும் லேசுப்பட்ட வேலையில்லை. 1969இல் வந்த ‘தி ஜிப்ஸி மோத்ஸ்’ படத்துக்காக கார்ல் போனிஷ் அந்தரத்தில் எடுத்த காட்சிகள் இன்றும் பிரமிக்க வைக்கின்றன.

ஆனால் என் மனம் புகைப்படத்தின் பக்கம்தான். சுமார் 13,000 அடியில் குதித்தால் பாராசூட் விரியும்வரை கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் கைகால்களுக்கு உடலை நிலைநிறுத்தவே நேரம் சரியாக இருக்கும். ஷட்டரை அழுத்த விரல் ஏது? அதனால் வாய்க்குள் ஒரு சின்ன சுவிட்ச், அதிலிருந்து கேமராவுக்கு மெல்லிய ஒயர். கடித்தால் படம். ஒரு கண்ணுக்கு முன்னால் குறிபார்க்கும் வளையம். கழுத்துதான் முக்காலி.

வீடியோவில் தவறிய நொடியை அடுத்த நொடி ஈடுகட்டிவிடும். புகைப்படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. வெயில் எந்தப் பக்கம், முகம் எப்போது திரும்பும், பின்னணியில் மேகமா நிலமா என்று முன்கூட்டியே கணித்து அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். முதல்முறை குதிப்பவரின் கன்னம் காற்றில் உப்பி, பயம் சிரிப்பாக மாறும் கணம் ஒரே படத்தில் அகப்பட்டால், அதற்கு ஈடான வீடியோ இல்லை என்பேன்.

ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: குறைந்தது 200 முறை குதித்த பிறகே கேமராவைத் தொடச் சொல்கிறது அமெரிக்கப் பாராசூட் சங்கம். அவசரப்படாதீர்கள்.