வேலையோடு வந்த வீடு

இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி நீலகிரிக்கு வந்தவர்கள் பெரிய வாழ்வு எதையும் கேட்கவில்லை. சின்ன ஊர், ஒழுகாத கூரை, பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், 'உனக்கு எந்த நாடு' என்று யாரும் கேட்காத கடைத்தெரு. அவ்வளவுதான்.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஆசைப்பட்டு வந்தவர்கள் உண்டு. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் வயிறு காய்ந்து வந்தவர்களும், 1977 இனக்கலவரத்தில் மனம் விட்டுப்போய் வந்தவர்களும் உண்டு. தலைமன்னாரில் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று மலையேறினார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. 1976இல் அதுவே டான்டீ என்ற அரசு நிறுவனமாயிற்று.

குளிரும் கொழுந்தும் கைக்குப் பழகியவை. காலையில் பேர் பதிவதற்கு அங்கே பிரட்டு என்று பெயர், இங்கே மஸ்டர். அங்கே கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். இவற்றை ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வீடுதான், ஏனென்றால் கடல் தாண்டியும் மாறாதது அது ஒன்றே: இரண்டு மலைகளிலும் வீடு வேலையோடு வந்தது.

இலங்கையில் லயத்துக் காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் திண்ணைபோல் ஓர் இஸ்தோப்பு. அந்த இடத்துக்குள்ளேயே அடுப்பு, படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். அது தோட்டத்தின் சொத்து. ஆனாலும் வீட்டில் ஒருவர் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்யும்வரை கிழவன் கிழவியை யாரும் வெளியே போகச் சொல்வது வழக்கமில்லை. மகன் கல்யாணம் முடித்தால் இஸ்தோப்பை அடைத்து இன்னொரு அறை. உரிமை இல்லாமலே தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் இருப்பு அது.

டான்டீ வரிசை வீட்டில் அந்த நெகிழ்வு இல்லை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒருத்தி, முதுகு வளைந்த வயதில் வாடகைக்கு எங்கே போவாள்? இந்தக் கேள்விக்கு விதிமுறைப் புத்தகத்தில் பதில் தேடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தாயகம் திரும்புகிறீர்கள் என்று சொல்லித்தானே அழைத்து வந்தார்கள்?

தோட்டத்துக்கு வெளியே போய்த் தனியாகக் குடியேறியவர்கள் கதை இன்னும் சிக்கலானது. கூடலூர்ப் பக்கம் காடு திருத்திக் குடிசை போட்டவர்கள், 1969ஆம் ஆண்டு ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் சிக்கிக்கொண்டார்கள். நிலம் யாருடையது என்பது தீராததால் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை. இரவில் யானை வரும் ஊரில் விளக்கில்லாமல் இருப்பது என்னவென்று சமவெளிக்காரர்களுக்கு விளக்குவது கடினம்.

இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களுக்கு, தாமதமாகவேனும், ஒரு வாசல் திறந்திருக்கிறது. லயத்துக்குப் பதிலாக, இலங்கை அளவையில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்ற திட்டத்துக்கு இந்தியா பணம் தருகிறது. 2017 மே மாதம் மலையகத்து நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடுகள் மெதுவாகத்தான் எழும்புகின்றன. காணி உறுதி கைக்கு வருவது அதைவிடத் தாமதம். ஆனாலும் ஏழு பேர்ச்சஸில் ஒரு முருங்கையும் நாலு கத்தரியும் வைக்கலாம், தன் விருப்பத்துக்குக் கதவுக்குச் சாயம் பூசலாம். அந்தச் சின்ன சுதந்திரத்துக்காகத்தான் முன்பு பலர் கப்பலேறினார்கள். கடல் கடந்து போய் வீடு கட்டித்தரும் இந்தியா, கடல் கடந்து வந்தவர்களுக்கும் அதே ஏழு பேர்ச்சஸைத் தர முடியும்.

இளையவர்கள் காத்திருக்கவில்லை. ஹட்டனில் பிறந்த பையன் கொழும்புக் கடைக்குப் போகிறான். கோத்தகிரியில் பிறந்தவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. தீபாவளிக்கு இருவரும் மலையேறி வருகிறார்கள். அங்கே காணி உறுதி வந்ததா என்றும், இங்கே பட்டா வந்ததா என்றும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் கேட்கிறார்கள்.