கீழ்த்தளத்து ஏக்கம்: அத்திலாந்திக் கப்பல் நினைவெழுத்து பற்றி

பெரும் பயணிகள் கப்பல்களில் வேலை செய்தவர்களின் நினைவுக் குறிப்புகளைச் சில காலமாக வாசித்து வருகிறேன். குறிப்பாக, இரண்டாம் உலகப் போர் முடிந்ததில் இருந்து 1967 வரை சவுதம்டன், லிவர்பூல் துறைகளில் இருந்து நியூயோர்க்குக்குப் போய்வந்த குனார்ட் கொம்பனிக் கப்பல்களின் ஆட்கள் எழுதியவையும், பிறர் கேட்டுப் பதிந்தவையும். முப்பது நாற்பது பக்கம் வாசித்ததுமே ஒன்று விளங்கிவிடும்: எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார்கள். சாப்பாடு நல்லம், கூட்டாளிமார் நல்லம், நியூயோர்க் சொர்க்கம், 'குயீன் மேரி' மாதிரி ஒரு கப்பல் இனி வராது. இதைப் பொய் எண்டு ஒரே வீச்சில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் இந்த ஏக்கம் எதை நினைத்து ஏங்குகிறது என்பதில் எழுதியவர்களுக்கே ஒரு மயக்கம் இருக்கிறது. கப்பலை நினைத்து ஏங்குவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வாசித்துப் போனால் கப்பலைப் பற்றிய பேச்சு குறைவு. கரையைப் பற்றியும் பக்கத்துக் கட்டிலில் படுத்தவனைப் பற்றியும்தான் மிச்சம் இருக்கிறது.

இந்த வகை எழுத்துக்கு முதல் அச்சு வார்த்தவர்கள் கப்டன்மார். ஹரி கிராட்டிட்ஜ் எழுதிய 'கப்டன் ஒஃப் த குயீன்ஸ்' 1956இலும், ஜேம்ஸ் பிசெட் எழுதிய 'கொமடோர்' 1961இலும் வந்தன. மேல்தளத்தில் நின்று பார்க்கும் கண் அவை. பின்னால் எழுத வந்த பரிசாரகர்களும் சமையற்காரர்களும் அதே கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குள்ள முதல் குறை. எந்த நடிகை எந்த அறையில் தங்கினார், எந்தப் பிரபு எத்தனை டொலர் கையில் வைத்தார் எண்டு பக்கம் பக்கமாகப் போகிறது. தன் கையால் ஒரு நாளில் எத்தனை கட்டில் விரித்தோம் என்பது ஒரு வரியில் முடிகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் வேலை செய்த கப்பல் அது. அந்த ஆயிரம் பேரையும் பயணியின் கண்ணில் படாமல் நடமாடப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் எழுத்திலும் தொடர்கிறது.

பதிப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு. வயலட் ஜெசொப் என்ற பணிப்பெண் 1950 வரை கடலில் வேலை செய்தவர். தன் நினைவுகளை 1930களிலேயே எழுதி வைத்தார். அவர் இறந்தது 1971இல். அது அச்சேறியதோ 1997இல். 'டைட்டானிக் சர்வைவர்' எண்டு தலைப்பு வைத்தார்கள். புத்தகத்தில் அந்தக் கப்பலுக்குரிய பகுதி சிறியது. வேலை தேடி அலைந்தது, தலைமைப் பரிசாரகரின் தயவுக்குக் காத்திருந்தது, கால் வீங்கியது போன்றவைதான் அதன் உயிர். மூழ்கிய கப்பல் இல்லாவிட்டால் ஒரு பணிப்பெண்ணின் உழைப்பை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் எண்டு நினைத்திருப்பார்கள் போலும்.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1954 வரைக்கும் நீடித்தது. வீட்டில் இறைச்சிக்குக் கூப்பன். அப்படிப்பட்ட தெருவில் வளர்ந்த ஒரு பதினாறு வயதுப் பொடியன் ஐந்தாறு நாளில் நியூயோர்க்கில் இறங்குகிறான். மின்விளக்கு, தட்டு நிறைய இறைச்சி, கடை நிறையத் துணி. அந்த வயதில் அதைப் பார்த்தவன் எழுபது வயதில் கண்கலங்காமல் வேறென்ன செய்வான்! இதை விளங்கிக்கொண்டு வாசித்தால் ஏக்கத்தின் பாதி அந்தப் பசிக்குரியது என்பது தெரியும். கொம்பனிக்கு அதில் பெருமை கொண்டாட இடமில்லை. நினைவெழுத்தாளர்கள் பலர் இந்த இரண்டையும் பிரிப்பதில்லை. அதனால் தங்களை அறியாமலே கொம்பனியின் விளம்பரத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மறுபாதி கூட்டாளித்தனம். இங்கேதான் இந்த எழுத்து உண்மையில் நன்றாக இருக்கிறது. பரிசாரகர்கள் பலராக அடைந்து படுத்த அறைக்கு 'குளோரி ஹோல்' எண்டு பெயர். அவர்களுடைய குடிகூடம் 'பிக் அன்ட் விசில்'. பயணிகளுக்குத் தெரியாமல் கப்பலின் நீளத்துக்கு ஓடும் வேலைப் பாதையைப் பிரிட்டிஷ் கப்பல்களில் 'பர்மா றோட்' என்பார்கள். பயணிகளை 'பிளட்ஸ்' எண்டு கூப்பிட்டார்கள். கப்டனின் ஏவலாள் 'டைகர்'. கீழ்த்தளத்து ஆட்களுக்கு எடுபிடி செய்யும் பொடியன் 'பெகி'. இந்தச் சொற்களைக் கையாளும்போது எழுத்து தானாகவே நிமிர்கிறது. பயணியைப் பற்றித் தங்களுக்குள் என்ன நினைத்தார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, தனியாக விளக்கத் தேவையில்லை. வேலையைப் பற்றிய கசப்பை எல்லாம் இவர்கள் பகிடியாகத்தான் சொல்கிறார்கள். ஆகவே பகிடி வரும் இடத்தில் வேகமாகத் தாண்டிப் போகாமல் நிற்க வேண்டும்.

உதாரணத்துக்கு மணிக்கூடு. நியூயோர்க்குக்கும் இங்கிலாந்துக்கும் ஐந்து மணித்தியால வித்தியாசம். மேற்கே போகையில் நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூடும், கிழக்கே திரும்புகையில் குறையும். பயணிக்கு இது சாப்பாட்டு மேசையில் பேச ஒரு விஷயம். விடிய எழும்பி அடுப்பு மூட்டுபவனுக்கோ இருபத்துமூன்று மணித்தியால நாட்கள் வரிசையாக வருகின்றன, வெட்டுப்படுவது அவனுடைய நித்திரை. கப்பலின் ஆட்டமும் அப்படித்தான். 'குயீன் மேரி' 1936இல் ஓடத் தொடங்கியது. அதற்கு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் பொருத்தியது 1958இல். இடைப்பட்ட காலத்தில் புயலில் உடைந்த பீங்கானைப் பற்றி ஆளுக்கொரு சிரிப்புக் கதை வைத்திருக்கிறார்கள். அதைக் கூட்டி அள்ளியவர் யார் எண்டு ஒரு கதையாவது கேட்டால் தேவலாம்.

இன்னொன்று பதிவுப் புத்தகம். ஒவ்வொரு மாலுமியும் கையில் வைத்திருந்த இந்தப் புத்தகத்தில் பயணம் முடிய இரண்டு முத்திரை விழும், ஒன்று திறமைக்கு, மற்றது நடத்தைக்கு. 'மிக நன்று' எண்டு விழுந்தால் பிழைத்தான். 'அறிக்கையிட மறுக்கிறோம்' எண்டு விழுந்தால் அடுத்த கப்பலில் சேர்வது லேசில்லை. குற்றம் என்னவென்று அதில் எழுத வேண்டியதும் இல்லை. சிரிக்கச் சிரிக்கக் கதைக்கும் அந்த மனிதர்கள் எல்லாருடைய சட்டைப் பைக்குள்ளும் இந்தப் புத்தகம் இருந்தது. அதை மறந்து அவர்களுடைய பணிவை நல்ல சுபாவம் எண்டு வாசிக்கக் கூடாது. சம்பளம் சிறிது, பரிசாரகனின் வருமானத்தில் பெரும்பங்கு பயணி கொடுக்கும் 'டிப்'. புன்னகையும் வேலையின் ஒரு பாகம்.

2007இல் வந்த 'குனார்ட் யாங்க்ஸ்' ஆவணப்படம் லிவர்பூல் ஆட்களை மையமாக வைத்தது. அமெரிக்கச் சட்டை, இசைத்தட்டு, கித்தார் எல்லாம் சுமந்து ஊர் திரும்பிய பொடியன்மார் அவர்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் 1961இல் தன் கிரெட்ச் கித்தாரை வாங்கியது இப்படியொரு மாலுமியிடம்தான். லிவர்பூல் இசையே இவர்களால் பிறந்தது எண்டு சொல்வது மிகை. அந்த இசைத்தட்டுகளில் பல இங்கிலாந்துக் கடைகளிலும் கிடைத்தன எண்டு மறுப்பவர்கள் உண்டு, எனக்கும் அதில்தான் நம்பிக்கை. ஆனால் அந்த மிகையின் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க மற்றவரின் பெட்டியைச் சுமந்தவர், நானும் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தேன் எண்டு சொல்ல ஆசைப்படுகிறார்.

இந்த எழுத்துகளில் என்னை உறுத்துவது 1966. அந்த ஆண்டு மே 16இல் பிரிட்டிஷ் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வாரத்துக்கு 56 மணித்தியால வேலையை 40ஆகக் குறை என்பது கோரிக்கை. ஒரு வாரத்தில் அரசாங்கம் அவசரகால நிலை பிரகடனம் செய்தது. ஜூலை 1 வரை நீடித்த ஸ்ட்ரைக் அது. பின்னாளில் துணைப் பிரதமராக வந்த ஜோன் பிரெஸ்கொட் அப்போது கப்பல் பரிசாரகராக இருந்து யூனியனுக்கு வந்தவர். அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய துண்டுப்பிரசுரத்தின் தலைப்பு 'நொட் வோண்டட் ஒன் வோயேஜ்'. பயணத்தின்போது தேவைப்படாத பெட்டிகளில் ஒட்டி அடித்தட்டுக்கு அனுப்பும் சீட்டின் வாசகம் அது. மாலுமிகளின் நிலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை இந்த இலக்கியம் முழுவதிலும் நான் பார்க்கவில்லை. அதுவும் ஒரு கீழ்த்தளத்துப் பகிடிதான். ஆனால் ஏக்க எழுத்தில் அந்த ஏழு கிழமைகளுக்குக் கிடைக்கும் இடம் அரைப் பக்கம்கூட இல்லை. கப்பல்கள் போனதற்கு ஸ்ட்ரைக்தான் காரணம் எண்டு சிலர் கைகாட்டவும் செய்கிறார்கள். 1958 ஒக்டோபரிலேயே ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கிவிட்டன. 'குயீன் மேரி' 1967 செப்டெம்பரில் நியூயோர்க்கில் இருந்து கடைசித் தடவை புறப்பட்டு, டிசம்பரில் கலிபோர்னியாவின் லோங் பீச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹோட்டலாக மாற்றும்போது அதன் கொதிகலன்களை எல்லாம் கழற்றி எடுத்துவிட்டார்கள். முதல் வகுப்பு மண்டபங்கள் இருக்கின்றன.

நம்மைப் போன்ற வாசகர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் வியாபாரிகள் மாணிக்கக்கல் விற்க ஏறிய கொழும்புத் துறைக் கப்பல்களில் இந்தியத் துணைக்கண்டத்து மாலுமிகள் நிறைந்திருந்தார்களே, அத்திலாந்திக் நினைவுகளில் மட்டும் அவர்கள் ஏன் இல்லை? லஸ்கர் எண்டு அழைக்கப்பட்ட அவர்களுக்குத் தனி ஒப்பந்தம், வெள்ளைக்கார மாலுமி பெற்றதில் ஒரு சிறு பங்குச் சம்பளம். குளிர் மாதங்களில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அவர்களைக் கொண்டுபோகாமல் தடுக்கும் அகலக்கோட்டு வரம்பும் அந்த ஒப்பந்தங்களில் இருந்தது. இரக்கம் போலத் தோன்றும் விதி. நல்ல சம்பளமுள்ள பாதையில் இருந்து அவர்களை விலக்கி வைக்கவும் அது உதவியது.

கல்கத்தாவில் ஆள் எடுத்த கப்பல்களின் இயந்திர அறைகளில் உழைத்த சில்ஹெட் முஸ்லிம்களின் கதைகளை கரோலின் அடம்ஸ் கேட்டு எழுதிய நூல் 1987இல் வந்தது. 2013இல் விவேக் பால்ட் 'பெங்காலி ஹார்லம்' எழுதினார். சரக்குக் கப்பல்களின் கொதிகலன் சூட்டில் இருந்து தப்பி நியூயோர்க் துறையில் இறங்கி ஓடிய வங்காள முஸ்லிம்கள் ஹார்லத்தில் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோப் பெண்களைக் கலியாணம் முடித்துக் குடியிருந்ததை அது சொல்கிறது. குனார்ட் ஆட்கள் சூட் வாங்கப் போன அதே நகரம். அந்தப் புத்தகங்களில் கப்பலைப் பற்றி ஏக்கமாக ஒரு பக்கமும் நான் காணவில்லை. அவர்கள் ஏங்கியது ஊரை நினைத்து.