வாக்குத்தத்தச் சீட்டும் வியாக்கியானமும்

கடைவீதியில் கிளி எடுத்துத் தரும் சீட்டை நாம் பரிகசிக்கிறோம். ஆயின் புத்தாண்டு ஆராதனையின் முடிவில் ஆரணிச் சபையார் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டை எடுத்துச் செல்கின்றனர். பட்டு நெசவாளர் ஒருவருக்குக் கிடைத்தது எரேமியா 29:11. "ஐயா, இந்த வருஷம் கடன் அடைந்துவிடும் அல்லவா?" என்று வினவினார்.

சீட்டில் அச்சாகாததை நோக்குவோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய நிருபத்தின் ஒரு வசனம் அது. முந்திய வசனம் 70 வருஷம் என்று தவணை குறிக்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைக் காணப்போவதில்லை. அதுவரை வீடு கட்டித் தோட்டம் நாட்டி, அந்நகரின் சமாதானத்துக்காக ஜெபிப்பதே கட்டளை. எட்டாம் வசனமோ குறிக்காரரிடம் ஏமாறலாகாது என எச்சரிக்கிறது. அந்த நிருபத்திலிருந்தே நாம் குறிச்சீட்டு அச்சடித்திருக்கிறோம்!

மத்தியாவின் பேரில் சீட்டு விழுந்ததே என்று மாணவர் கேட்பர் (அப். 1:26). பெந்தெகொஸ்தேக்குப் பின் அப்போஸ்தலர் சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் இல்லை.

ஜக்கார்டு தறியில் ஓர் அட்டை ஓர் ஊடைக்கே வழிகாட்டும். கோத்த வரிசையிலிருந்து கழற்றினால் துளைகளேயன்றிப் பூ இல்லை. இதை அவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

அவர் தறியருகே அமர்ந்து அதிகாரம் முழுவதையும் வாசித்தோம். பத்தாம் வசனத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். "அப்படியானால் இது என் பேரனுக்கு" என்றார். தறிக்காலில் ஒட்டியிருந்த சீட்டை அகற்றும்படி சொல்ல நமக்கு மனம் வரவில்லை.