கண்ணுக்கு எட்டும் ஆட்டம், எட்டாத ஆட்டம்

கிரிக்கெட் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். ஹாக்கிப் பந்துக்கு 22.4 முதல் 23.5 சென்டிமீட்டர். எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், 160 கிராம் அளவில். ஆனாலும் "ஹாக்கியில் பந்தே கண்ணுக்குத் தெரிவதில்லை" என்று குறைப்படுகிறவர் கிரிக்கெட்டைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. ஆகவே ஒரு ஆட்டம் பார்க்க எளிதாக இருப்பதற்கும் பந்தின் பருமனுக்கும் நாம் நினைக்கிற அளவு தொடர்பு கிடையாது.

வேகத்தின் மேலும் பழி போட முடியாது. ஹாக்கியில் மட்டையால் பந்தைச் சுழற்றி எறியும் நல்ல டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். வேகப்பந்து வீச்சாளரின் பந்தோ 140-ஐத் தாண்டும். கண்ணுக்குத் தெரியவைத்தால் போதும் என்று நினைத்து அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 1996-இல் ஒரு வித்தை செய்து பார்த்தது. ஐஸ் ஹாக்கியின் கறுப்பு ரப்பர் வட்டுக்குள் மின்னணுக் கருவியைப் பொதித்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளி தெரியும்படி செய்தது. வேகமாக அடித்தால் சிவப்பு வால் ஒன்றும் நீளும். வட்டு தெரிந்தது, ஆட்டம் புரியவில்லை. பழைய ரசிகர்கள் எரிச்சலடைந்ததுதான் மிச்சம். 1998-ஆம் ஆண்டோடு அதற்கு மூடுவிழா நடந்தது.

என் கணிப்பில் எளிமையைத் தீர்மானிப்பவை இரண்டு. அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வி, அது ஆவதற்கு முன்பே பார்ப்பவர் மனத்தில் எழ வேண்டும். பதில் வந்ததும் நடுவர் சொல்லாமலே தம் கண்ணால் அதை அவர் சரிபார்த்துக்கொள்ள முடிய வேண்டும். கிரிக்கெட்டில் பந்து எந்தக் கையிலிருந்து கிளம்பும், யாரிடம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேமராவுக்கும் தெரியும். ஒரு பந்து முடிந்து அடுத்த பந்து வருவதற்குள் கேள்வியைப் புதுப்பித்துக்கொள்ள அவகாசமும் உண்டு. அதனால்தான் சிறிய பந்து அங்கே தொந்தரவு செய்வதில்லை. எளிமைக்கு இவ்வளவு போதும். அலுக்காமல் பார்ப்பதற்கு மட்டும் இன்னொன்று வேண்டும்: அந்தப் பதிலுக்கு ஒரு விலை இருக்க வேண்டும்.

இந்த உரைகல்லில் முதலில் கபடியை உரசிப் பார்க்கலாம், ஏனென்றால் அதுதான் நன்றாக மின்னுகிறது. 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்; ஆண்கள் ஆட்டத்துக்கான மொத்தக் களமே இவ்வளவுதான். ஒரே சட்டகத்துக்குள் பதினான்கு பேரையும் காட்டிவிடலாம். ஒருவர் பாடிப் போகிறார், ஏழு பேர் காத்திருக்கிறார்கள். தொட்டுவிட்டுத் திரும்புவாரா, மாட்டுவாரா? கேள்வி இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. 30 நொடிக்குள் பதில் வந்தாக வேண்டும். கணுக்காலைப் பிடித்தார்கள், இடுப்பைப் பிடித்தார்கள், ஆனாலும் கை நடுக்கோட்டை எட்டிவிட்டது. இதை அறிய யாருடைய விளக்கமும் தேவையில்லை. அவுட் ஆனவர் வெளியே போய் உட்கார்வதும், தன் அணி புள்ளி எடுத்ததும் உயிர் பெற்று உள்ளே வருவதும் தனி அழகு. யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைக் களத்தில் நிற்கும் தலைகளை எண்ணியே சொல்லிவிடலாம். ஆட்டத்தின் கணக்கை இப்படித் தன் உடம்பிலேயே சுமந்து நிற்கும் இன்னொரு ஆட்டம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

கபடி எப்போதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. ஊர்க் களத்தில் பாட்டுதான் கடிகாரம். மூச்சு விடாமல் பாடுகிறாரா என்பதை நடுவர் காதுகொடுத்துக் கேட்டுச் சொல்ல வேண்டும்; தள்ளி நிற்பவருக்கு அது கேட்காது. 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது 30 நொடிகளைத் திரையில் ஓடவிட்டார்கள். மூச்சின் கதையைக் கடிகாரம் எடுத்துக்கொண்டது. இதில் ஒரு இழப்பு உண்டு. அந்த ஆட்டத்தின் ஆன்மாவே மூச்சில்தான் இருந்தது என்று பழைய ஆட்டக்காரர்கள் வருந்தினால் அவர்களோடு வாதிட மாட்டேன். ஆனால் பார்ப்பவரின் தரப்பிலிருந்து பேசினால் கடிகாரமே மேல்.

அதைவிட முக்கியமான மாற்றம் மூன்றாவது ரைடு. ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை பாடிப் போய்ப் புள்ளி ஏதுமின்றித் திரும்பிவிட்டால் மூன்றாவது முறை எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் ரைடர் அவுட். முன்னிலையில் இருக்கும் அணி சும்மா போய்க் கோட்டைத் தொட்டுவிட்டு வந்து நேரத்தைத் தின்னும் நோய்க்கு இதுதான் மருந்து. இதே நோயை அமெரிக்கக் கூடைப்பந்து அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி மின்னியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்று வென்றது. கூடைப்பந்தில்தான்! எதிரணியின் பலத்துக்கு அஞ்சிப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். 1954-இல் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டம் ஒன்றில் இரு அணியும் சேர்ந்து 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன, ஆட்ட நேரம் 2,880 நொடி, வகுத்தால் 24. அந்த 24 நொடி விதி வந்த முதல் பருவத்திலேயே ஒரு அணியின் சராசரிப் புள்ளி 79-லிருந்து 93-க்கு ஏறியது. இரண்டு விதிகளும் பார்ப்பவருக்காகவே பிறந்தவை. இரண்டும் கேள்வியைத் தள்ளிப்போட முடியாதபடி செய்தவை.

பழக்கம்தான் எல்லாம், சின்ன வயதில் ஆடியதைத்தான் பெரியவர்களாகி ரசிக்கிறோம் என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். அப்படியானால் ஹாக்கி இந்தியாவில் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டும். 1928 முதல் 1980 வரை எட்டு ஒலிம்பிக் தங்கம். வேறெந்தக் குழு ஆட்டத்திலும் நமக்கு இந்தப் பெருமை இல்லை. பார்வையாளர்களோ கைநழுவிப் போனார்கள். ஊர்த் திருவிழாவோடு முடிந்துவிடும் என்று நகரவாசிகள் நினைத்திருந்த கபடி, முதல் பருவத்திலேயே தொலைக்காட்சியில் ஐபிஎல்லுக்கு அடுத்த இடத்தைப் பிடித்ததாக அறிவிக்கப்பட்டது. ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தவரையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது என்று கழித்துக்கொண்டாலும் மீதி பெரிதுதான். பணம், விளக்கொளி, நட்சத்திர உரிமையாளர்கள் இவையெல்லாம் உதவின. அதே பணத்தையும் விளக்கொளியையும் ஹாக்கி லீகுக்கும் காட்டிப் பார்த்தார்கள். அது நடுவிலேயே நின்றுபோய்ச் சில ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டது.

கபடிக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதியில் இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் இருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தியாவின் பவன் செஹ்ராவத் பாடிப் போய் யாரையும் தொடாமல் லாபிக்குள், அதாவது களத்தின் பக்கவாட்டுப் பட்டைக்குள், கால் வைத்தார். அவரைத் தொடர்ந்து ஈரான் வீரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி ஒரு தீர்ப்பு, புதிய விதிப்படி இன்னொரு தீர்ப்பு. முடிவு மாறி மாறி வர, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் 33-29 என்று இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. இந்தியரேகூட அந்த வெற்றியை முழு மனத்தோடு கொண்டாடியிருப்பாரா என்பது ஐயம்தான். தன் கண்ணால் சரிபார்க்க முடியாத பதில் சொந்த அணிக்குச் சாதகமாக வந்தாலும் ருசிப்பதில்லை.

ஹாக்கியில் நடப்பது இதுதான், ஒவ்வொரு நிமிடமும். ஊதல் ஒலிக்கிறது. ஏன்? பந்து காலில் பட்டிருக்கலாம். மட்டையின் பின்புறத்தால் தொட்டிருக்கலாம். எதிராளியின் மட்டையைத் தட்டியிருக்கலாம். பந்துக்கும் எதிராளிக்கும் நடுவே உடம்பை நுழைத்திருக்கலாம். நடுவர் கையால் ஏதோ சைகை காட்டுகிறார். அதைப் படிக்கத் தெரிவதற்குள் ஃப்ரீ ஹிட் எடுத்து ஆட்டம் இருபது மீட்டர் தள்ளிப் போய்விட்டது. வட்டத்துக்குள் கோலை விட்டுவிட்டுத் தடுப்பாளரின் காலைக் குறிவைத்து அடிப்பார்கள், பெனால்டி கார்னர் வாங்குவதற்காக. ஆட்டக்காரர் வென்று சிரிக்கும் அந்தக் கணத்தில் புதிய பார்வையாளர் ஏதோ தவறிப்போனதாக நினைத்து உச்சுக்கொட்டுகிறார்.

சீர்திருத்தம் செய்யாமல் விட்டுவிடவில்லை. ஆஃப்சைடை 1998-இல் முற்றிலும் எடுத்தார்கள். 2009-இல் ஃப்ரீ ஹிட்டைத் தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓட அனுமதித்தார்கள். லண்டன் ஒலிம்பிக்கில் நீலத் தரையும் மஞ்சள் பந்தும் வந்தன. 2014-இல் ஆட்டத்தை நான்கு கால்பகுதிகளாக்கினார்கள். இவற்றில் பந்தின் நிறம் ஒன்றுதான் பார்ப்பவருக்கு நேரடியாக உதவியது. மற்றவை பெரும்பாலும் ஆட்டத்துக்கு மேலும் வேகம் ஏற்றின, மூச்சு வாங்கி "இப்போது என்ன?" என்று கேட்டுக்கொள்ள இருந்த சின்னச் சின்ன இடைவெளிகளை விழுங்கின. வரம்பில்லாமல் ஆட்களை மாற்றும் முறையால் யார் களத்தில் இருக்கிறார் என்பதே பிடிபடுவதில்லை.

ஆனால் அதே ஹாக்கியில் பெனால்டி கார்னரைப் பாருங்கள். கோல் கோட்டுக்குப் பின்னால் ஐந்து பேர், எதிரே இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங் காத்து நிற்கிறார். ஒருவர் உள்ளே தள்ள, இன்னொருவர் நிறுத்த, அவர் சுழற்றி எறியப் போகிறார். அரங்கம் எழுந்து நிற்கிறது. முழு ஆட்டத்திலும் கேள்வி தெளிவாக எழும் இடம் அதுவே. பந்து சிறியது என்ற புகார் அப்போது ஒருவர் வாயிலிருந்தும் வருவதில்லை. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் இந்தியா 1-3 என்று பின்தங்கி, பிறகு மலேசியாவை 4-3 என்று வென்ற இரவில் விதி தெரியாதவர்களும் கத்தித் தீர்த்தார்கள். அப்படிப்பட்ட இரவு ஆண்டு முழுக்க வராது.

வாலிபாலுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. பந்து தரையைத் தொடுமா தொடாதா என்பதே கேள்வி. சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி என்ற குழப்பத்தை 1990-களின் கடைசியில் நீக்கி, ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி என்று ஆக்கியதும் அது கபடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இனி விலைக்கு வருவோம். டி20 கிரிக்கெட் கேள்வியிலும் தேறுகிறது, சரிபார்ப்பதிலும் தேறுகிறது. எல்பிடபிள்யூ என்ற பழைய மர்மத்தைக்கூடப் பந்துத்தட வரைபடம் நம் வரவேற்பறைக்குக் கொண்டுவந்துவிட்டது. கோட்டை விடுவது விலையில். 2024 ஐபிஎல்லில் 1,200-க்கும் மேல் சிக்சர்கள். அந்த ஏப்ரலில் ஹைதராபாத் 287 எடுக்க, பெங்களூரு 262 எடுத்தும் தோற்றது. ஒரே மாலையில் இருபதுக்கும் மேல் சிக்சர் பார்த்தவருக்கு அடுத்த சிக்சர் வெறும் தகவல். மட்டையாளர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பது உண்மை. எல்லைக்கோடு உள்ளே வந்துவிட்டது என்பதும் உண்மை.

கால்பந்து நேர் எதிர். முதல் இரண்டு சோதனைகளிலும் அது சுமாராகத்தான் தேறும். பெரிய பந்து, எல்லோரும் ஆடிப் பழகிய எளிய ஆட்டம். ஆனால் நீண்ட நேரம் கேள்வி எழாமல் பந்து பக்கவாட்டில் உருளும். 1990 உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் 115 கோல். கோல்கீப்பரிடம் பந்தைத் திருப்பித் தந்தே பொழுதைப் போக்கினார்கள். 1992-இல் அதைத் தடுக்கும் விதி வந்த பிறகுதான் மூச்சு திரும்பியது. 2022 கத்தாரிலும் 64 ஆட்டங்களில் 172 கோல்தான், சராசரி மூன்றுகூட இல்லை. இந்தப் பஞ்சமே அதன் செல்வம். அதே கத்தாரில் சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் பாதியில் அர்ஜென்டினா போட்ட மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று கழிந்துபோயின. சவூதி அரேபியா இரண்டாம் பாதியில் ஐந்து நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 2-1 என்று வென்றது. தோற்ற அணிதான் பிறகு கோப்பையைத் தூக்கியது. புள்ளிகள் மலிந்த ஆட்டத்தில் பலவானின் பலம் சராசரியாகிக் கடைசியில் வென்றுவிடும். கோல் அரிதாக இருக்கும் இடத்தில் எளியவனுக்கு எப்போதும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. விஏஆர் என்ற காணொளி மறுஆய்வு வந்ததும் கோலைக் கொண்டாடுவதற்கு முன் திரையைப் பார்க்க வேண்டிய அவலம் சேர்ந்துகொண்டது. அது கால்பந்து தானே தேடிக்கொண்ட வினை.

ஆகவே முதல் முறை பார்க்கிறவருக்குக் கபடிதான் முதலிடம், அடுத்தது வாலிபால். ஆயுள் முழுக்கப் பார்க்கக் கால்பந்து. டி20-க்காரர்கள் எல்லைக்கோட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினால் பாதி நோய் தீரும். ஹாக்கியை ஆள்வோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இன்னொரு விதியை மாற்றாதீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் நடுவர் ஒலிவாங்கியில் குற்றத்தைச் சொல்லி அரங்கம் முழுவதும் கேட்கச் செய்கிறார். நீங்களும் ஊதல் ஒலித்த அடுத்த நொடி, காரணத்தை இரண்டே சொல்லில் திரையில் போடுங்கள்.