விருப்பப் பாடமும் வேத பாடமும்

அரசுப் பள்ளிகளில் மறைநூலை விருப்பப் பாடமாக வைக்க வேண்டும் என்னும் கோரிக்கை அவ்வப்போது எழுவதும், சில காலம் பேசப்பட்டுப் பின் அடங்குவதும் புதியதன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பகவத் கீதையின் கருத்துகளைப் பாடத்தில் சேர்ப்பதாகக் குஜராத் அரசு 2022 மார்ச்சில் சட்டமன்றத்தில் அறிவித்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், "அவர்களுக்குக் கீதையென்றால் நம் பிள்ளைகளுக்குக் குர்ஆனை வைக்கட்டுமே" என்று நம்மவருள் சிலர் கூறுவர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வுரையைச் சற்றே நிறுத்துப் பார்த்தல் நம் கடனாகும்.

முதலில் சட்டம் கூறுவதை அறிவோம். முழுவதும் அரசுப் பணத்தால் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமய போதனை கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. அரசின் ஏற்பு அல்லது உதவி பெறும் பள்ளிகளிலுங்கூட, மாணவனின் இசைவின்றியும், அவன் சிறுவனாயின் பெற்றோரின் இசைவின்றியும், சமய போதனையில் அவனைக் கலந்துகொள்ளச் செய்தல் ஆகாது என்று அப்பிரிவே விதிக்கின்றது. ஆயின் போதனை வேறு, ஆய்வு வேறு. குருநானக்கின் வாழ்வையும் கருத்தையும் கல்வி நோக்கில் பயில்வது சமய போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் தெளிவுபடுத்திற்று. சமயங்களைப் பற்றிய அறிவைப் பள்ளியில் தருவதற்குத் தடையில்லை என்று 2002-இல் அருணா ராய் வழக்கிலும் தீர்ப்பாயிற்று. ஆகவே வாயில் அடைபட்டிருக்கவில்லை. எவ்வாயில் எதற்குரியது என்பதே வினா.

இனி, 'விருப்பம்' என்னும் சொல்லை நோக்குவோம். தூத்துக்குடிக் கரையில் ஒரு சாதாரண வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். பரதவர் குலத்துக் கத்தோலிக்கச் சிறுவன், திருச்செந்தூர் முருகனை வணங்கும் சிறுவன், காயல்பட்டினத்தை உறவூராகக் கொண்ட நம் சிறுவன் ஆகிய மூவரும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பர். மூன்று வேதங்களுக்கும் மூன்று ஆசிரியரை எந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கும் அரசு அனுப்பப் போவதில்லை. எப்பிள்ளைகள் மிகுதியோ அவர்தம் பாடம் நடைபெறும். ஏனையோர் அந்நேரம் தாழ்வாரத்தில் இருப்பர். ஏட்டில் விருப்பம் என்று எழுதியிருக்கும். நடைமுறையில் அது எண்ணிக்கையின் தீர்ப்பாகவே முடியும்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சாம்பெயின் நகரில், பள்ளி நேரத்தில் பள்ளி அறைகளிலேயே சமய வகுப்புகள் நடைபெற்றன. சேர்வதும் சேராதிருப்பதும் பெற்றோர் விருப்பம். ஆயினும் சேராத சிறுவன் தனித்து அமர்த்தப்பட்டு மற்றப் பிள்ளைகளின் பார்வைக்கு இலக்கானான். அவன் தாய் வாஷ்டி மெக்காலம் தொடுத்த வழக்கில், அம்முறை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. நம்பிக்கையில் நெருக்குதல் கூடாதென்பதை அல்பகறா அத்தியாயத்தின் 256-ஆம் வசனத்தில் ஓதுகிற நாம், பெயரளவில் விருப்பமும் உள்ளே நெருக்குதலுமாகிய ஏற்பாட்டை நம் பிள்ளைக்கும் வேண்டோம். அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டோம்.

"அவரவர்க்கு அவரவர் வேதம் என்று ஒழுங்காக நடத்தினால் என்ன?" என்று கேட்கலாம். அதற்கு விடை கடலுக்கு அப்பாலுள்ளது. கொழும்பில் வணிகம் செய்த நம் கரைக் குடும்பங்கள் பலவும் அறிந்தபடி, இலங்கையில் சமயம் ஒரு கட்டாயப் பாடம்; பௌத்தம், சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் எனப் பிள்ளை தன் சமயத்தைப் பயில்கிறது. அரசே பாடநூல் அச்சிடுகிறது. சாதாரண தரப் பரீட்சையில் வினாத்தாளும் உண்டு. இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் அறமாகாது. நல்ல தமிழில் மார்க்க நூல்கள் தோன்றின. மார்க்கக் கல்வி பெற்றோர்க்கு ஆசிரியப் பணியும் கிடைத்தது.

ஆனால் அரசு அச்சிடும் நூலுக்கு அரசே பதிப்பாசிரியர் என்பதையும் மறத்தலாகாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், 2021-இல் சில வகுப்புகளின் இஸ்லாம் பாடநூல்கள் திருத்தத்தின் பொருட்டுத் திரும்பப் பெறப்பட்டன. திருத்தியது சரியா தவறா என்பது ஈண்டு நம் வினா அன்று. மார்க்கத்தின் எவ்வரி பிள்ளையிடம் சேரலாம் என்பதை ஓர் அலுவலகம் முடிவு செய்யும் நிலை வந்ததே, அதுவே கருதத்தக்கது. வேதத்தை அரசின் கையில் ஒப்படைப்பவர், அரசின் எழுதுகோலையும் உடன் ஏற்றவராவார். மேலும், அம்முறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை அறியுமேயன்றி, பக்கத்துப் பலகைப் பிள்ளையின் சமயத்தை அறியும் வாய்ப்பு அப்பாடத்தில் இல்லை.

மற்றொன்றும் உண்டு. திருமறையை நாம் ஒளுவுடன் எடுக்கிறோம்; உஸ்தாதின் முன் அமர்ந்து, எழுத்தின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு ஓதுகிறோம். அந்த அதபு அக்கல்வியின் ஒரு பாதி. நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று விடைத்தாள் திருத்தும் இடத்தில் அப்பாதி உதிர்ந்துவிடும். ஈமானுக்கு மதிப்பெண் இடவல்ல தேர்வாளர் எவருமிலர்.

அங்ஙனமாயின் பொதுப் பள்ளியில் மறைநெறியின் மணமே வேண்டாவோ எனின், வேண்டும் என்பேன். அதற்குரிய வாயிலைத் தமிழ்ப் பாடம் நெடுநாள் முன்னரே திறந்து வைத்திருக்கிறது. இம்மாவட்டத்து எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவரின் சீறாப்புராணம், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களும் 5027 விருத்தங்களும் உடையது. அதன் பகுதிகள் தமிழகப் பாடநூல்களில் இடம்பெற்று வந்துள்ளன. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் அவ்வாறே. எச்சமயப் பிள்ளையும் எழுந்து வெளியே செல்ல வேண்டாத வகுப்பு அது.

மானுக்குப் பிணை நின்ற படலத்தையே எடுத்துக்கொள்வோம். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்புகிறது. வேடன் மனம் மாறுகிறான். பிணை என்பது பெண்மானுக்கும் பெயர், பொறுப்பேற்புக்கும் பெயர். நம்பிக்கையின் பேரில் கடன் கொடுத்து வாங்கிய துறைமுகத்துப் பிள்ளைகளுக்குப் பிணை நிற்றல் என்றால் என்னவென்று விளக்கவும் வேண்டுமோ? இதனைப் பயிலும் கத்தோலிக்கச் சிறுவன் கலிமா சொல்ல வேண்டியதில்லை. தேம்பாவணியில் வளனின் கதையைப் பயிலும் நம் சிறுமியும் ஞானஸ்நானம் பெற வேண்டியதில்லை. ஆயினும் இருவரும் அண்டை வீட்டார் எதனைப் போற்றுகின்றனர் என்பதை அறிந்தே வெளிவருவர்.

குறை இல்லாமலில்லை. சீறாப் பகுதி பல வகுப்புகளில் அருஞ்சொற்பொருளோடும் இலக்கணக் குறிப்போடும் முடிந்துவிடுகிறது. விலாதத்து பிறப்பு, நுபுவ்வத்து நபித்துவம், ஹிஜ்றத்து இடப்பெயர்ச்சி என்று மனப்பாடம் செய்தால் போதும் என்றாகிறது. அரபுநாட்டைப் பாட வந்த புலவர் ஆறும் வயலுமாகத் தமிழ்நாட்டையே ஏன் வரைந்தார் என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியிலன்றோ இலக்கியக் கல்வி தொடங்குகிறது! ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. அரபுச் சொல்லின் பொருளையும் ஒலியையும் அவருக்கு எடுத்துச் சொல்லும் கடமை அவ்வூர் ஆலிமுக்கு உண்டு.

இதற்கு முன்மாதிரி சீறாவின் பிறப்பிலேயே கிடைக்கிறது. காப்பியத்துக்கான வரலாற்றுச் செய்திகளை நாடி உமறு அவர்கள் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை அணுகினார் என்றும், அவர்தம் வழியிலேயே பரங்கிப்பேட்டையில் அச்செய்திகளைப் பெற்றார் என்றும் மரபு கூறும். ஆலிம் செய்தி அளித்தார். புலவர் தமிழ் அளித்தார். ஒருவர் இடத்தை மற்றவர் பற்றிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடமும் மத்ரஸாவும் அங்ஙனம் நிற்றல் தகும்.

எனவே பெற்றோர்க்கு ஒரு சொல். திருமறையை அரசு கற்பிக்கட்டும் என்று மனு எழுதுமுன், நம் மஹல்லாவின் மக்தபில் பிள்ளை ஓதும் சூராவுக்குத் தமிழில் பொருள் சொல்லப்படுகிறதா என்று கேளுங்கள். சொல்லப்படவில்லையாயின் அக்குறையைத் தீர்ப்பது நம் கையில் உள்ளது; அதற்கு ஆணையோ சட்டமோ வேண்டியதில்லை. பள்ளியினிடம் கேட்பதானால், சீறாவையும் தேம்பாவணியையும் பெரிய புராணத்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருளுணரக் கற்பிக்குமாறு கேளுங்கள். முன்னது நம் வீட்டுக் கடன். பின்னது நாட்டாரெல்லாரும் ஒருங்கே கேட்கத்தக்க உரிமை. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் கேட்போமாயின், நம் மொழியை அறிந்து நம் மார்க்கத்தை அறியாத தலைமுறையை நாமே வளர்த்தவராவோம்.